துக்க வீட்டுக்குப் பகுத்தறிவு என்ன தரும்?

(காலஞ்சென்ற நெசவாளர் தோழர் ஒருவரின் பதினாறாம் நாள், கருமாதிக்குப் பதிலாக நடந்த படத்திறப்புக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கே படம் திறந்து வைக்கப்பட்ட தோழரைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் வேண்டியமட்டும் சொல்லிவிட்டார்கள். தறியில் உட்கார்ந்து உழைத்தவர், கடன் சொல்லாதவர், கூட்டம் என்றால் முதலில் வந்து பாய் விரிப்பவர் என்றெல்லாம் சொன்னார்கள். அவ்வளவும் உண்மை. நாம் அதைத் திருப்பிச் சொல்லி உங்கள் பொழுதைப் போக்க வரவில்லை. நாம் பேச வந்தது இருப்பவர்களைப் பற்றி. இறந்தவருக்கு இனி நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இருப்பவர்களுக்குச் செய்யக்கூடியதோ ஏராளமாக இருக்கிறது.

ஊர் ஊராகப் போய்ப் பேசி வருகிற நம்மிடம், எங்கே போனாலும் ஒரு கேள்வி கேட்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு கேட்பவர்களும் உண்டு. உண்மையிலேயே தெரிந்து கொள்ளக் கேட்பவர்களும் உண்டு. அது என்னவென்றால், “கடவுள் இல்லை என்கிறீர்கள், மோட்சம் இல்லை என்கிறீர்கள், மறுபிறப்பு இல்லை என்கிறீர்கள். எல்லாம் சரி. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு மூலையில் கிடக்கிற ஒருத்திக்கு, பிள்ளையைக் குழியில் வைத்துவிட்டு வந்திருக்கிற ஒரு தாய்க்கு நீங்கள் என்னத்தைச் சொல்லித் தேற்றுவீர்கள்? உள்ள ஊன்றுகோலையும் பிடுங்கிக் கொள்கிறீர்களே, பதிலுக்கு என்ன கொடுப்பீர்கள்?” என்பதுதான்.

தோழர்களே! இது நியாயமான கேள்வி. இதைக் கேட்டவுடன் கேட்டவரைக் கேலி செய்து உட்கார வைப்பது பகுத்தறிவு ஆகாது. பதில் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு அந்தப் பதிலைச் சொல்லுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடமும் கிடையாது.

முதலாவதாக, துக்கம் என்பது என்ன என்று பார்ப்போம். துக்கம் மாயை என்று வேதாந்தி சொல்லுகிறான். துக்கம் பாவத்தின் சம்பளம் என்று இன்னொருவன் சொல்லுகிறான். நம்மைச் சேர்ந்தவர்களிலும் சிலர், “பகுத்தறிவுவாதி அழலாமா? செத்தவர் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தும் அழுவது மூடத்தனம் அல்லவா?” என்று கேட்கிறார்கள். இந்த மூன்று பேச்சும் ஒரே ஜாதிப் பேச்சு என்று நாம் சொல்லுகிறோம். மூன்றும் அழுகிறவனைப் பார்த்து, “நீ அழுவது தப்பு” என்றுதான் சொல்லுகின்றன.

கன்று செத்த பசுவை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். இரவெல்லாம் கத்தும். கன்று கட்டியிருந்த முளைக்குச்சியை மோந்து பார்க்கும். தீனியைத் தொடாது. அந்தப் பசு எந்தச் சாஸ்திரத்தைப் படித்தது? அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரைப் பக்கத்தில் 2018ம் வருஷம் ஓர்க்கா என்னும் திமிங்கல இனத்தைச் சேர்ந்த ஒரு தாய், பிறந்தவுடன் செத்துப்போன தன் குட்டியைத் தலையால் தாங்கிக்கொண்டு 17 நாள் கடலில் அலைந்ததை விஞ்ஞானிகள் கூடவே போய்க் கண்டார்கள். அதற்கு எந்தப் புரோகிதன் சொல்லிக் கொடுத்தான்? ஆகவே துக்கம் என்பது மூடநம்பிக்கையும் அல்ல, பாவமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. அன்பு வைக்கத் தெரிந்த உயிருக்கு, அந்த அன்பு வைத்த இடம் காலியானவுடன் ஏற்படுகிற வலி. கை ஒடிந்தால் வலிக்கிறதல்லவா? வலிக்காவிட்டால்தான் வைத்தியன் பயப்படவேண்டும்.

மனிதன் குரங்கினத்தோடு உறவுள்ளவன் என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டிய டார்வின், தன் பத்து வயது மகள் ஆனி 1851ம் வருஷம் இறந்தபோது நொறுங்கிப் போனார். அந்தக் குழந்தையின் நடை, சிரிப்பு, பேச்சு எல்லாவற்றையும் மறந்து விடுவோமோ என்று பயந்து, ஒரு வாரத்துக்குள் உட்கார்ந்து எழுதி வைத்துக் கொண்டார். நாத்திகப் பிரசங்கத்தில் பெயர் பெற்ற இங்கர்சால், 1879ல் தம் அண்ணனின் சவத்தருகே நின்று பேசும்போது கண்ணீர் விட்டார். இவர்களெல்லாம் பகுத்தறிவு இல்லாதவர்களா? அழுவதற்கும் அறிவுக்கும் விரோதம் இல்லை. அழுகிறவனை ஏய்ப்பதற்கும் அறிவுக்கும்தான் விரோதம்.

நிற்க, இனி, மதமும் சாஸ்திரமும் துக்க வீட்டுக்கு என்ன கொடுக்கின்றன என்று பார்ப்போம். மறுபடியும் அந்தப் பசுவின் சங்கதிக்கே வாருங்கள். கன்று செத்துப் போனால் சில பால்காரர்கள் என்ன செய்கிறார்கள்? செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, நாலு குச்சியைக் காலாக நட்டுப் பசுவின் முன்னால் நிறுத்துகிறார்கள். பசு அதை நக்குகிறது. மடி சுரக்கிறது. இவர் செம்பை வைத்துக் கறந்து கொள்ளுகிறார். பார்ப்பதற்குப் பசுவுக்கு ஆறுதல் செய்தது போலத்தான் இருக்கும். ஆனால் அந்த வைக்கோல் கன்று பசுவுக்காகவா செய்யப்பட்டது? பாலுக்காகச் செய்யப்பட்டது! நம் துக்க வீடுகளில் வந்து நிறுத்தப்படுகிற மோட்சமும், பிதுர்லோகமும், கோதானமும், திதியும் இந்த வைக்கோல் கன்றுதான் என்று நாம் சொல்லுகிறோம். ஆறுதல் என்று பெயர். கறப்பதற்குச் செம்பு தயாராக இருக்கிறது.

ஆறுதலாவது கிடைக்கிறதா என்றால் அதுவும் முழுசாகக் கிடைப்பதில்லை. ஆறுதல் ஒரு பிடி என்றால் பயம் ஒரு மூட்டையாகக் கூடவே வருகிறது. அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி ஆகிய நட்சத்திரங்களில் ஒருவர் இறந்துவிட்டால் “அடைப்பு” என்கிறார்கள். தனிஷ்டா பஞ்சமி என்று அதற்கு ஒரு பெரிய பெயர். இறந்த அறையை மாதக் கணக்கில் பூட்டி வைக்க வேண்டுமாம். இரண்டே அறை உள்ள வீட்டில் ஓர் அறையைப் பூட்டினால் பிள்ளைகள் எங்கே படுக்கும்? சனிக்கிழமை செத்தால் “சனிப்பிணம் தனிப்போகாது” என்று சொல்லி ஒரு கோழியைப் பாடையில் கட்டுகிறார்கள். வாரத்துக்கு ஏழு நாள். உலகத்தில் சாகிறவர்களில் ஏழில் ஒருவர் சனிக்கிழமை சாகத்தான் செய்வார். ஒவ்வொரு சனிப்பிணமும் கூட ஒருவரை அழைத்துப் போவதாக இருந்தால், அழைத்துப் போகப்பட்டவர் என்றைக்காவது ஒரு சனிக்கிழமை சாவார், அவர் இன்னொருவரை அழைப்பார்; இப்படியே போனால் இத்தனை காலத்தில் ஊரில் கோழி கட்ட ஆள் மிஞ்சியிருக்குமா? புருஷன் போன துக்கத்தில் இருக்கிறவளை, “அடுத்தது உன் பிள்ளையாக இருக்கலாம்” என்று பயமுறுத்துவதற்குத்தான் இந்தப் பேச்சு உதவுகிறதே தவிர, அதில் ஆறுதல் எங்கே இருக்கிறது?

அதைவிடக் கொடுமை, குற்றம் சுமத்துவது. “போன ஜென்மத்து வினை” என்கிறார்கள். “இவள் ஜாதகம் புருஷனைத் தின்றுவிட்டது” என்கிறார்கள். “பிள்ளை பிறந்த நேரம் தகப்பனை விழுங்கிவிட்டது” என்கிறார்கள். தோழர்களே! பசியோடு இருப்பவனுக்குச் சோறு போடாவிட்டாலும் போகட்டும், “நீ திருடி” என்று சொல்லலாமா? தகப்பனை இழந்த ஒரு பச்சைக் குழந்தையின் தலையில் கொலைப் பழியைச் சுமத்துகிற ஒரு தத்துவத்தை, ஆறுதல் தரும் தத்துவம் என்று எப்படிச் சொல்லுவது? மாரடைப்பால் இறந்தவர் இரத்தக் குழாய் அடைத்து இறந்தார். விபத்தில் இறந்தவர் வண்டி மோதி இறந்தார். மனைவியின் ஜாதகம் இரத்தக் குழாய்க்குள் போய் உட்காரவில்லை. “நீ காரணம் அல்ல” என்று ஒருத்திக்குச் சொல்ல முடிந்தது பகுத்தறிவுக்குத்தான். பகுத்தறிவு துக்க வீட்டுக்குத் தருகிற முதல் பொருள் இது.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறோம். துக்க வீடு விவாத மேடை அல்ல. மகனை இழந்த ஒரு கிழவி, “என் பிள்ளை சாமி கிட்ட நல்லா இருக்கான்” என்று சொல்லி அழுதால், அங்கே போய் நின்று, “சாமி எங்கே இருக்கிறது, காட்டு” என்று கேட்பவன் பகுத்தறிவுவாதி அல்ல. அவன் மனிதனே அல்ல. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். நம்முடைய சண்டை அவளோடு அல்ல. அவளுடைய துக்கத்தில் செம்பு வைக்கிறவனோடுதான் சண்டை. அந்தச் சண்டையையும் சாவு விழாத நாளில், இதுபோன்ற கூட்டங்களில் போட்டு முடித்துவிட வேண்டும்.

அன்றியும், பழைய வழக்கம் என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எந்த வழக்கம் எதற்காக உதவுகிறது என்று உரசிப் பார்க்க வேண்டும். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது; பக்கத்து வீட்டார் சோறு ஆக்கிக் கொண்டு வருவார்கள். இதில் என்ன மூடத்தனம்? இது மகா புத்திசாலித்தனம். பங்காளிகளும் பகையாளிகளும்கூட வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். ஒப்பாரியில் செத்தவரைப் பற்றி மட்டுமா சொல்லுகிறார்கள்? மாமியார் செய்த கொடுமை, அண்ணன் செய்யாத சீர், தன் வயிற்றில் தங்காத பிள்ளை எல்லாம் அதில் வந்து விடுகிறது. வருஷக் கணக்கில் வாயைத் திறக்க விடாத ஊரில், ஒரு ஸ்திரீ தன் மனசில் உள்ளதைச் சத்தம் போட்டுச் சொல்ல அனுமதி உள்ள ஒரே இடம் எழவு வீடுதான். அதில் மந்திரம் கிடையாது, தட்சிணை கிடையாது. மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்வது அது. அதை நாம் ஏன் தள்ள வேண்டும்?

கொரோனா வந்த 2020ம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். இருபது பேருக்கு மேல் சாவுக்குப் போகக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு. ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைப் பையில் கட்டி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனார்கள். அந்த வீடுகளுக்கெல்லாம் பின்னால் நாம் போய் விசாரித்திருக்கிறோம். “மந்திரம் சொல்லவில்லையே” என்று அழுதவர்களை நாம் அதிகம் காணவில்லை. “முகத்தைப் பார்க்க முடியவில்லையே, நாலு பேர் வந்து உட்காரவில்லையே” என்றுதான் அழுதார்கள். துக்கத்துக்கு எது வேண்டும் என்பதை அந்த நோய் நமக்குப் பிரத்தியட்சமாகக் காட்டிவிட்டது. முகம் பார்க்க வேண்டும், மனிதர்கள் வேண்டும். மற்றவை எல்லாம் பிற்பாடு ஒட்ட வைத்தவை.

சரி, விஞ்ஞானம் இதைப்பற்றி என்ன சொல்லுகிறது? துக்கம் மனசை மட்டும் தாக்குவதில்லை, உடம்பையும் தாக்குகிறது. இங்கிலாந்தில் பார்க்ஸ் என்ற வைத்தியரும் அவர் கூட்டாளிகளும், 55 வயதுக்கு மேல் மனைவியை இழந்த 4,486 ஆண்களின் கணக்கை எடுத்து 1969ல் வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்துக்குள் அவர்களில் 213 பேர் இறந்து போயிருந்தார்கள். அதே வயதுடைய, மனைவி உள்ள ஆண்களில் எதிர்பார்க்கக்கூடிய சாவைவிட இது 100க்கு 40 அதிகம். அதிலும் இருதய நோயே பெரும் பங்கு. ஜப்பானிய வைத்தியர்கள் 1990 வாக்கில், திடீர்த் துயரத்தினால் இருதயத்தின் ஒரு பாகம் குடம்போல உப்பிப் பலவீனமாகிவிடுவதைக் கண்டு, அங்கே ஆக்டோபஸ் பிடிக்கிற ஒரு பானையின் பெயரை, டாகோட்சுபோ என்று அதற்கு வைத்தார்கள். மாரடைப்புப் போலவே நெஞ்சு வலிக்கும். வயதான ஸ்திரீகளுக்கே அது அதிகம் வருகிறது. சரியான வைத்தியம் செய்தால் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? “அவர் அழைத்துக்கொண்டார்” என்று சொல்லி மாலை போடுவதற்குப் பதிலாக, இருப்பவரின் சர்க்கரை மாத்திரை, இரத்தக் கொதிப்பு மாத்திரை தீராமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெஞ்சு வலிக்கிறது என்றால், “துக்கம், அப்படித்தான் இருக்கும்” என்று விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்க வேண்டும். துக்கத்தை ஆற்றுகிறேன் என்று சாராயத்தைக் கொண்டுவந்து கொடுப்பவனை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும். சாராயம் துக்கத்தை ஆற்றாது; ஒரு சாவு விழுந்த வீட்டில் இரண்டாவது சாவுக்குக் கால்கோள் செய்யும்.

இன்னொரு சங்கதி. எலிசபெத் குப்ளர்-ராஸ் என்ற வைத்திய அம்மையார் 1969ல் ஒரு புத்தகம் எழுதினார். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளைச் சொன்னார். இப்போது படித்தவர்கள் பலர் அதை எடுத்துக்கொண்டு, துக்கப்படுகிற எல்லோரும் இந்த ஐந்து படியையும் வரிசையாக ஏறியாக வேண்டும் என்று பேசுகிறார்கள். அந்த அம்மையார் அதை எழுதியது, சாகப்போகிற நோயாளிகளோடு பேசிப் பார்த்து. துக்கப்படுகிறவர்களை ஆராய்ந்தவர்கள், எல்லோரும் ஒரே வரிசையில் போவதாகக் காணவில்லை. பதினாறாம் நாள் சாஸ்திரத்தைத் தள்ளிவிட்டு ஐந்து படிச் சாஸ்திரத்தைப் பிடித்துக் கொள்ளுவதில் என்ன லாபம்? வெள்ளைக்காரர் எழுதிவிட்டால் அது வேதம் ஆகிவிடாது.

பின்னே எப்படித்தான் ஆறுகிறது? ஹாலந்து தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் இருவர், ஸ்ட்ரோபே, ஷூட் என்பவர்கள், 1999ல் சொன்னது நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. துக்கப்படுகிறவர் கொஞ்ச நேரம் இழப்பை நினைத்து அழுகிறார், கொஞ்ச நேரம் அதை விட்டுவிட்டு அரிசி, பருப்பு, பிள்ளை படிப்பு என்று பார்க்கிறார், மறுபடி அழுகிறார், மறுபடி வேலைக்குப் போகிறார். இப்படி மாறி மாறிப் போவதுதான் ஆறுகிற வழி என்றார்கள். கமலை இறைத்த பெரியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். மாடு முன்னாலும் போகும், பின்னாலும் வரும். “பின்னாலேயே வருகிறதே, இந்த மாடு உருப்படுமா?” என்று யாராவது கேட்டதுண்டா? முன்னும் பின்னும் போனால்தான் தண்ணீர் மேலே வரும். ஆகவே, மூன்றாம் நாளே தறியில் உட்கார்ந்தவரைப் பார்த்து, “கல் நெஞ்சுக்காரன்” என்று பேசாதீர்கள். மூன்று மாதம் கழித்துத் திடீரென்று சந்தையில் நின்று அழுதவளைப் பார்த்து, “இன்னுமா அழுகிறாய்?” என்றும் கேட்காதீர்கள். இரண்டும் ஒரே கமலைதான்.

சிலருக்கு மட்டும் அந்தக் கமலை நின்றுபோய் விடுகிறது. மாதங்கள் போயும் ஏக்கம் முதல் நாளைப்போலவே இருந்து, சோறு, தூக்கம், வேலை எல்லாம் நின்று, தானும் போய்விட வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இதை நீடித்த துக்க நோய் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2022 முதல் அது அமுலில் இருக்கிறது. ஆறு மாதம் தாண்டியும் இப்படி இருந்தால் வைத்தியம் வேண்டும் என்று அர்த்தம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தாலோ ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும். பேய் பிடித்தது, செத்தவன் வந்து ஏறிக்கொண்டான் என்று வேப்பிலை அடிக்கிறவனிடம் கொண்டு போகாதீர்கள். மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியர் இருக்கிறார். 2022 அக்டோபரில் ஏற்படுத்தப்பட்ட டெலி-மானஸ் என்ற தொலைபேசி உதவிக்கு எண் 14416. காசு கிடையாது, இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பஞ்சாங்கத்தில் ராகு காலம் குறித்து வைப்பதைப் போல, இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

இனி, இந்தக் கூட்டம் இன்று இங்கே நடப்பதற்குக் காரணமான சங்கதிக்கு வருகிறோம். பதினாறாம் நாளாகிய இன்றைக்கு, வழக்கப்படி நடந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விடியும் முன்னே இந்த அம்மையாரை உட்கார வைத்து, பூவும் பொட்டும் வைத்துக் கடைசியாக ஒரு தடவை அலங்காரம் செய்து, பிறகு வளையலை உடைத்து, பொட்டை அழித்து, தாலியை அறுத்து, மூலையில் தள்ளியிருப்பார்கள். இந்த அம்மையார் அதற்கு இசையவில்லை. “அவர் கட்டியதை நான் விரும்பினால் நானே கழற்றி வைத்துக்கொள்கிறேன், யாரும் அறுக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். அதற்காக ஊரில் சிலர் முணுமுணுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். முணுமுணுக்கிறவர்களையே நாம் கேட்கிறோம். காயம்பட்டவனைக் கண்டால் கட்டுப் போடுவீர்களா, அந்தக் காயத்திலேயே கத்தியை வைப்பீர்களா? மனைவி செத்த ஆணுக்கு எந்தச் சாஸ்திரம் எதை உடைக்கிறது? அவன் அரைஞாண் கயிற்றை யாராவது அறுத்ததுண்டா? துக்கம் இருவருக்கும் ஒன்றே. தண்டனை மாத்திரம் ஒருத்திக்கா?

இது நம் ஊர்ச் சங்கதி மாத்திரம் அல்ல. மகாராஷ்டிர மாநிலம் கோலாப்பூர் ஜில்லாவில் ஹேர்வாட் என்று ஒரு கிராமம். 2022 மே மாதத்தில் அந்தக் கிராமப் பஞ்சாயத்து, விதவைக்கு வளையல் உடைப்பது, பொட்டு அழிப்பது, தாலியைக் கழற்றுவது ஆகிய சடங்குகளை இனிமேல் செய்வதில்லை என்று தீர்மானம் போட்டது. அந்த மாநில சர்க்காரும் மற்ற ஊர்கள் அதைப் பின்பற்றும்படி அதே மாதத்தில் சுற்றறிக்கை விட்டது. விதவா விவாகச் சட்டம் வந்ததோ 1856ம் வருஷத்தில். சட்டம் வந்து 166 வருஷம் கழித்து ஒரு கிராமம் தானாக விழித்துக்கொண்டு தீர்மானம் போட்டது. சட்டம் எத்தனை இருந்தாலும் ஊர் கூடித் தீர்மானிக்காவிட்டால் அது காகிதம்தான். ஹேர்வாட்டார் செய்ததை நாம் செய்ய முடியாதா?

அடுத்தது வயிற்றுச் சங்கதி. புருஷனை இழந்தவளின் துக்கத்தில் பாதி, நாளைக்கு என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயத்துக்கு மந்திரத்தில் மருந்து இல்லை, காகிதத்தில் இருக்கிறது. சாவை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போட வேண்டும். பாங்கியில், இன்ஷூரன்சில், சங்கத்தில் என்ன பாக்கி என்று விசாரிக்க வேண்டும். ஆதரவற்ற விதவைக்கு சர்க்கார் உதவித்தொகை உண்டு. உயில் எழுதாமல் இறந்த ஓர் இந்துவின் சொந்தச் சொத்தில் மனைவிக்கும், மக்களுக்கும், இறந்தவரின் தாய்க்கும் சரிபங்கு என்று 1956ம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லுகிறது. “பொம்பளைக்கு என்ன பங்கு?” என்று வருகிற பங்காளிக்கு அந்தச் சட்டத்தைக் காட்டுங்கள். துக்கத்தில் இருப்பவர் வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் பார்த்துக் கொள்ளுவதும் ஆறுதல்தான். கருமாதிக்கென்று வட்டிக்குக் கடன் வாங்கிப் பந்தி போட்டுவிட்டு, பிறகு அந்த வட்டியைக் கட்டப் பிள்ளையின் படிப்பை நிறுத்துகிற வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். செத்தவர் பசியாறினாரோ இல்லையோ, வட்டிக்காரன் பசியாறினான்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தகப்பன் எங்கே என்று குழந்தை கேட்டால், “ஊருக்குப் போயிருக்கிறார்” என்கிறோம். அது பஸ் வரும்போதெல்லாம் வாசலில் போய் நிற்கிறது. “தூங்குகிறார்” என்கிறோம். அது இரவில் தானும் தூங்கப் பயப்படுகிறது. “சாமி கூப்பிட்டுக்கொண்டது” என்கிறோம். நல்லவர்களையெல்லாம் கூப்பிட்டுக்கொள்ளுகிற அந்தச் சாமி அம்மாவையும் கூப்பிட்டு விடுமோ என்று நடுங்குகிறது. குழந்தையிடம் உண்மையைச் சொல்லுங்கள். “அப்பாவின் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. அவர் திரும்பி வரமாட்டார். நீ செய்த எதனாலும் அவர் சாகவில்லை. நாங்கள் உன்னைப் பார்த்துக்கொள்ளுவோம்” என்று நாலு வாக்கியம் போதும். அது திரும்பத் திரும்பக் கேட்கும். திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

சாவு மாத்திரம்தான் துக்கம் என்று நினைக்க வேண்டாம். தறி நின்றுபோனால் துக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, காலையில் எழுந்து போக இடமில்லாமல் திண்ணையில் உட்காருகிறவருக்கு அது ஒரு துக்கம். பிள்ளைகள் பட்டணத்துக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட வீட்டில் இரண்டு கிழங்களுக்கு அது ஒரு துக்கம். இப்படி வாழ்க்கை ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுகிற சமயம் பார்த்து வந்து நிற்பவன் ஜோசியன். “ஏழரைச் சனி நடக்கிறது” என்கிறான். கணக்குப் போட்டுப் பாருங்கள். சனி என்கிற கிரகம் சூரியனை ஒருமுறை சுற்றி வர ஏறக்குறைய 29½ வருஷம் ஆகிறது. பன்னிரண்டு ராசியில் மூன்று ராசிக்காரருக்கு எப்போதும் ஏழரைச் சனி. அதாவது எந்த நாளில் எடுத்தாலும் நாலில் ஒருவருக்குச் சனி! இதைச் சொல்லுவதற்கு ஜோசியம் எதற்கு? நாலு பேரில் ஒருவருக்கு எப்போதும் கஷ்டம் இருக்கும் என்று நம் பாட்டியே சொல்லுவாள். அவள் எள் தீபம் ஏற்றக் காசு கேட்கமாட்டாள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது எள் தீபம் அல்ல. காலையில் போய்வர ஓர் இடம், கை செய்ய ஒரு வேலை, பேச நாலு ஆள். நம் படிப்பகத்துச் சாவியை அவரிடம் கொடுங்கள். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

கௌதம புத்தரைப் பற்றி ஒரு கதை சொல்லுவார்கள். கிசா கௌதமி என்ற ஒருத்தி செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து மருந்து கேட்டாள். அவர், “சாவு விழாத வீட்டில் ஒரு பிடி கடுகு வாங்கி வா” என்றார். வீடு வீடாகப் போனாள். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவு விழாத வீடு ஒன்றும் இல்லை. இதை எல்லோரும், சாவு பொது என்று காட்டுவதற்காகச் சொல்லுகிறார்கள். நமக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் அவளிடம், “என் வீட்டிலும் போய்விட்டார்கள், அம்மா” என்று சொல்லியிருப்பார் அல்லவா? மருந்து கடுகில் இல்லை. அந்த வாசல்களில் இருந்தது. மேலே உலகம் இருக்கிறது என்று அவர் அவளுக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீடு இருக்கிறது என்று காட்டினார்.

ஆகவே தோழர்களே! “பதிலுக்கு என்ன கொடுப்பீர்கள்?” என்ற கேள்விக்கு நம் பதில் இதுதான். “நீ குற்றவாளி அல்ல” என்ற உண்மையைக் கொடுப்போம். அழ உரிமை கொடுப்போம். உடம்புக்கு வைத்தியம் கொடுப்போம். சட்டத்திலுள்ள உரிமையை வாங்கிக் கொடுப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக நம்மையே கொடுப்போம். மேலுலகத்தில் பார்த்துக்கொள்ளுவார்கள் என்று நம்புகிறவன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். அப்படி ஒருவரும் இல்லை என்று தெரிந்த நாம் அப்படி இருக்க முடியாது. நாம் பார்த்தால்தான் உண்டு. கடவுள் இல்லை என்று சொல்லுகிறவனுக்கு மற்றவனைவிட வேலை அதிகம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கூட்டம் முடிந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவோம். துக்க வீட்டுக்குப் பதினாறு நாள் வரை கூட்டம் வரும். பதினேழாம் நாள்தான் வீடு காலியாக இருக்கும். அந்தப் பதினேழாம் நாள் நாளைக்கு வருகிறது. ஆகவே இந்த மேடையிலேயே இரண்டு காரியங்களைத் தீர்மானித்துவிட்டுக் கலையும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். ஒன்று, இந்த ஊரில் இனி எந்த ஸ்திரீயின் தாலியையும் வளையலையும் பிறர் கை தொடுவதில்லை என்பது. இரண்டு, சாவு விழுந்த எந்த வீட்டுக்கும், ஜாதி பாராமல், கட்சி பாராமல், கும்பிடுகிறவனா கும்பிடாதவனா என்று பாராமல், ஒரு வருஷத்துக்கு வாரம் ஒருநாள் முறை வைத்து யாராவது போய் உட்கார்ந்து வருவது என்பது. இந்த இரண்டும் நடந்தால், பகுத்தறிவு என்ன தரும் என்று இந்த ஊரில் பிறகு ஒருவரும் கேட்கமாட்டார்கள். நாளைக்கு முதல் முறை யாருடையது என்று பெயர் கொடுங்கள்.